ஆற்றை மூடி கார்களுக்கு இடம்: தீம் பார்க்கில் படங்களுக்கு இவ்வளவு நிலம் தேவையா?

நதிக்கரை:

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற செயற்கை ஆறு 2025 ஜூலை 6-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறு, அதில் ஓடிய லிபர்ட்டி பெல் நீராவிப் படகு, 1973-இல் திறந்த டாம் சாயர் தீவு, மூன்றும் ஒரே நாளில் போயின. அந்த நிலத்தில் பேசும் கார்களைப் பற்றிய 'கார்ஸ்' அனிமேஷன் படத்தை ஒட்டி 'பிஸ்டன் பீக்' என்ற மலைப் பிரதேசம் வருகிறது. அதற்கும் அப்பால், பிக் தண்டர் மலை ரோலர்கோஸ்டரைத் தாண்டி, டிஸ்னி பட வில்லன்களுக்கு ஒரு லேண்ட், அதாவது ஒரே கதைச் சூழலில் கட்டிய தனிப் பகுதி. டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் மப்பெட்ஸ் பொம்மைகளின் முற்றம் இருந்த இடத்துக்கு மான்ஸ்டர்ஸ் இங்க் படம். அங்கேயே விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டமில் டைனோலேண்டுக்குப் பதிலாக என்காண்டோ, இண்டியானா ஜோன்ஸ் படங்கள். பக்கத்துப் போட்டியாளரான யுனிவர்சலில் எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பூங்கா 2025 மே 22 அன்றே திறந்தாயிற்று.

எல்லாரும் எந்த ரைடு நன்றாக இருக்கும் என்று மட்டும் பேசுகிறார்கள். நான் பேச நினைப்பது நிலத்தைப் பற்றி. அந்த ஆறு ரைடு கணக்கில் வராது, ஆனால் பூங்காவுக்கு அது செய்த வேலை பெரிது. கரையில் இருக்கும் ஃபிரான்டியர்லேண்ட் பகுதியில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் காடு தெரியும். படகின் நீராவிக் குழல் ஊதும் சத்தம் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடின் வாசல் வரை கேட்கும். தெப்பத்தில் ஏறித் தீவுக்குப் போனால் குகை, பீப்பாய்ப் பாலம், கோட்டை. வரிசை கிடையாது, நேரச் சீட்டு கிடையாது, யாரும் உன்னை அவசரப்படுத்த மாட்டார்கள். நெரிசலில் நசுங்கிய ஒரு மத்தியானத்தில் அரை மணி நேரம் மூச்சு விட அந்தப் பூங்காவில் இருந்த பெரிய வெளி அது ஒன்றுதான்.

கேள்வி இதுதான். ஒரு படத்துக்காக லேண்ட் கட்டும்போது, அங்கே ஏற்கெனவே இருந்ததன் மதிப்பை யார் கணக்குப் போடுகிறார்கள்?


ரேடியேட்டர் ராஜா:

அண்ணே, ஆறு போனதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா தலைப்புல "படங்களுக்கு இவ்வளவு நிலம் தேவையா"ன்னு கேட்டிருக்கீங்க. அந்த நிலத்தை 1955-லயே கொடுத்தாச்சு. கலிஃபோர்னியாவுல டிஸ்னிலாண்ட் திறந்தது 1955 ஜூலை 17. நட்ட நடுவுல நிக்கிற கோட்டைக்குப் பேரு ஸ்லீப்பிங் பியூட்டி கோட்டை. அந்தப் படம் தியேட்டருக்கு வந்தது 1959-ல. படம் வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடியே கோட்டை நின்னு அதுக்கு விளம்பரம் பண்ணிட்டிருந்துச்சு. மேட்டர்ஹார்ன் பனிமலை வந்ததும் ஒரு மலையேற்றப் படத்தை ஒட்டித்தான். ஏன், டாம் சாயர் மட்டும் எங்கிருந்து வந்தான்? மார்க் ட்வைன் நாவல்ல இருந்துதானே?

கதையை எடுத்து இடமா மாத்துறதுதான் இந்தத் தொழிலே. அதை எவ்வளவு நல்லா மாத்துறாங்கங்கிறதுதான் விஷயம்.

கலிஃபோர்னியாவுல இருக்கிற கார்ஸ் லேண்டையே பாருங்க. 2012 ஜூன் 15-ல திறந்தாங்க. தெருக்கோடியில ஒரே ஒரு மஞ்சள் சிக்னல் விளக்கு மின்னிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு மூணாவது மின்னலும் கொஞ்சம் மெதுவா வரும். படத்துல ஃபில்மோர்ங்கிற வேன் அப்படி ஒரு வரி சொல்வான். சும்மா நடந்து போறவன் கவனிக்கவே மாட்டான், ஆனா யாரோ ஒருத்தர் உக்காந்து அதுக்கு டைமர் செட் பண்ணிருக்காங்க. சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சதும் பாட்டுப் போட்டு தெரு முழுக்க நியான் விளக்கை ஒண்ணொண்ணா ஏத்துவாங்க. அதுக்கு டிக்கெட்டும் இல்ல, வரிசையும் இல்ல. படமே பார்க்காத எங்க அப்பா அந்த நேரத்துல நகரவே மாட்டேன்னுட்டார்.


நதிக்கரை:

ராஜா தம்பி, கார்ஸ் லேண்ட் அருமையான லேண்ட், அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அது எங்கே கட்டப்பட்டது? டிஸ்னிலாண்டுக்குப் பக்கத்தில் உள்ள கலிஃபோர்னியா அட்வென்ச்சர் 2001-இல் திறந்ததிலிருந்தே கூட்டம் பிடிக்காமல் திணறிய பூங்கா. கார் நிறுத்தும் இடத்தை எடுத்து அந்த லேண்டைக் கட்டினார்கள். இழப்பு என்று எதுவும் இல்லை, பூங்காவுக்கே உயிர் வந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அதே கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் ஸ்டார் வார்ஸ் லேண்டான கேலக்ஸிஸ் எட்ஜ் கட்ட இடம் தேவைப்பட்டபோது ஆற்றை மூடவில்லை, நீளத்தைக் குறைத்தார்கள். 2016 ஜனவரியில் நிறுத்தி, 2017 ஜூலையில் புதுப் பாறைகளும் அருவிகளும் வைத்துத் திரும்பத் திறந்தார்கள். படகும் ஓடுகிறது, தீவும் இருக்கிறது, ஸ்டார் வார்ஸும் வந்தது. ஃப்ளோரிடாவில் ஏன் அந்த வழி போகவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை. நிலத்துக்கா பஞ்சம்? டிஸ்னி வேர்ல்டின் மொத்தப் பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல்!


கோஸ்டர் கண்ணன்:

மொத்தப் பரப்பை வைத்து வாதிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது நதிக்கரை சார். அதில் பெரும்பகுதி சதுப்பு, பாதுகாக்கப்பட்ட காடு, சாலை, ஹோட்டல். பூங்காவுக்கு வந்தவர் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் நிலமே பயன்படும். வில்லன்கள் லேண்ட் பிக் தண்டருக்கு அப்பால் வருகிறது என்றால் அங்கே போக ஒரு வழி வேண்டும். ஆறு அப்படியே இருந்தால் ஃபிரான்டியர்லேண்ட் ஒரு முட்டுச்சந்து. லட்சக்கணக்கில் ஆள் புழங்கும் இடத்தில் முட்டுச்சந்தின் கோடியில் புது லேண்ட் வைப்பது ஆபத்தான வடிவமைப்பு. என் கணிப்பில் ஆறு போனதற்கு இதுவே முதல் காரணம்.

உலகிலேயே அதிகக் கூட்டம் வரும் தீம் பார்க் மேஜிக் கிங்டம். டி.இ.ஏ. என்ற தீம் பார்க் துறை அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 1.7 கோடிப் பேருக்கு மேல். இவ்வளவு கூட்டத்துக்கு என்ன வேண்டும்? மணிக்கு நிறையப் பேரை விழுங்கும் ரைடு வேண்டும். ஹான்டட் மேன்ஷனில் வண்டிகள் நிற்காமல் சங்கிலியாக ஓடிக்கொண்டே இருப்பதால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் போகிறார்கள். 1960-களில் யோசித்த முறை, இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. புதிய பட லேண்டுகளில் எனக்குள்ள குறை இங்கேதான். ஒவ்வொன்றிலும் கண்ணைப் பறிக்கும் ஒரே ஒரு பெரிய ரைடு. உலகமே அதற்கு வரிசையில் நிற்கும். மற்றது கடை, சாப்பாடு.

பிஸ்டன் பீக்கில் இரண்டு ரைடு என்கிறார்கள். ஒன்று மலைப்பாதை ராலி, இன்னொன்று சின்னப் பிள்ளைகளுக்கு. ராலி வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகக் கிளம்பும் என்பது தெரிந்தால்தான் நான் வாய் திறப்பேன்.


சந்துவாசி:

கண்ணன் அண்ணா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஒரு லேண்ட் ரைடால் மட்டும் நிற்பதில்லை என்பதற்கு ஹாரி பாட்டர் கதையின் மந்திரக் கடைத்தெருவான டயகன் ஆலியை விடச் சான்று வேண்டாம்.

2014 ஜூலை 8-இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃப்ளோரிடாவில் திறந்தது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. லண்டன் தெருவின் முகப்பு மட்டும்தான். செங்கல் சுவரில் ஓர் இடைவெளி, அதற்குள் வளைந்து போக வேண்டும். வளைவு முடிந்ததும் மொத்தத் தெருவும் ஒரே நேரத்தில் கண்ணில் படும், கோடியில் கிரிங்காட்ஸ் வங்கியின் மேல் டிராகன். சில நிமிடங்களுக்கு ஒரு தரம் அது நெருப்பு கக்கும்போது கீழே நிற்பவர் முகத்தில் சூடு படும். வாசலை இப்படி மறைத்து வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டியதை வெளியே காட்டாமல் வைப்பது என்றால் நிர்வாகத்தில் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

கையில் மந்திரக்கோலை வைத்துக் கடை ஜன்னல் முன் ஆட்டும் குழந்தைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கோலின் நுனியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. ஜன்னலுக்குள் இருக்கும் அகச்சிவப்புக் கேமரா அதன் அசைவைப் படிக்கிறது. வளைவு சரியாக வந்தால் உள்ளே பொம்மை ஆடும், தண்ணீர் பீய்ச்சும். வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பணியாளர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பார். ஒரு ரைடிலும் ஏறாமல் அரை நாள் ஓட்டிவிடலாம்.

இதன் பலனுக்கும் கணக்கு இருக்கிறது. முதல் பாட்டர் லேண்ட் வந்தது 2010 ஜூன் 18, யுனிவர்சலின் பக்கத்துப் பூங்காவான ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில். 2009-இல் அங்கே வந்தவர்கள் சுமார் 46 லட்சம். 2011-இல் 76 லட்சம். படங்களுக்குக் கலை இயக்கம் செய்த ஸ்டூவர்ட் கிரெய்கையே அழைத்து வந்து லேண்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், கூரைச் சாய்விலிருந்து கடைப் பலகை வரை அவர் கண் இருந்தது. இப்போது டிஸ்னி செய்துகொண்டிருப்பது எல்லாமே அந்த 2010-க்கான பதில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.


நதிக்கரை:

சந்துவாசி, டயகன் ஆலிக்காக 2012 ஜனவரியில் ஜாஸ் ரைடை மூடினார்களே, அதற்கு அன்றைக்கு அழுதவர்கள் இன்றும் அழுகிறார்கள். அந்த முதல் பாட்டர் லேண்டான ஹாக்ஸ்மீடுக்காக லாஸ்ட் கான்டினென்டில் பாதியை எடுத்தார்கள். கிரேக்கக் கடவுள்களும் டிராகன்களும் இருந்த, எந்தப் படத்தையும் சாராத லேண்ட் அது.


சந்துவாசி:

உண்மை சார். லாஸ்ட் கான்டினென்டின் மிச்சம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இழந்ததற்கு ஈடாக வந்தது அதை விடப் பெரிதாக இருந்தது, அதனால் மனம் ஏற்றுக்கொண்டது.


மாயவனம்:

இந்த இழையில் அனிமல் கிங்டம் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட லேண்ட் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்க்க அதைவிடச் சரியான பூங்கா கிடையாது.

1998 ஏப்ரல் 22-இல் திறந்தபோது பூங்காவின் சின்னத்திலேயே யானை, சிங்கத்தோடு ஒரு டிராகனும் இருந்தது. பீஸ்ட்லி கிங்டம் என்று கற்பனை விலங்குகளுக்கு ஒரு லேண்ட் திட்டத்தில் இருந்தது, கட்டவே இல்லை. அதற்கென்று இருந்த இடத்தில் தற்காலிகமாக மிக்கி முகாம் ஒன்றைப் போட்டார்கள். 2011 செப்டம்பரில் அங்கே அவதார் லேண்ட் வரப்போகிறது என்று அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். நீல மனிதர்களுக்கும் விலங்குப் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம், அந்தப் படத்தில் ஒரு பாத்திரத்தின் பெயராவது யாருக்காவது நினைவிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள்.

2017 மே 27-இல் பாண்டோரா என்ற பெயரில் அந்த லேண்ட் திறந்தது. அந்தக் கேள்வி அதோடு அடங்கிவிட்டது.

அனிமல் கிங்டத்தையே வடிவமைத்த ஜோ ரோடிதான் இதற்கும் தலைமை. படத்தின் நாயகனையோ வில்லனையோ அவர் லேண்டுக்குள் விடவில்லை. படத்தில் நடந்த போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது என்பது லேண்டின் கதை. மனிதர்கள் விட்டுப்போன இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, அவற்றின் மேல் கொடி படர்கிறது. கெட்டுப்போன நிலம் திரும்ப உயிர் பெறுகிறது என்பதுதான் பேச்சு. அந்தப் பூங்காவின் மற்ற லேண்டுகள் பேசுவதும் அதைத்தான். மிதக்கும் பாறைகளைத் தாங்கும் எஃகைக் கொடிகளுக்குள் மறைத்திருக்கிறார்கள். எங்கே நின்று தேடினாலும் கண் அந்தக் கொடியில் ஏமாறும். இரவில் நடைபாதையே ஒளிரும். மிதக்கும் மலையின் கீழே அருவிச் சத்தத்தில் நிற்பவருக்குப் படத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வருகைக் கணக்கு வேண்டுமென்றால், 2016-இல் 1.08 கோடி, 2018-இல் 1.37 கோடி. டி.இ.ஏ. மதிப்பீடுதான்.

இப்போது டைனோலேண்டுக்குப் பதிலாக வரும் 'டிராபிக்கல் அமெரிக்காஸ்' லேண்டையும் இதே அளவுகோலால் பார்க்கிறேன். என்காண்டோவில் விலங்குகளோடு பேசும் அன்டோனியோவை மையமாக வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இண்டியானா ஜோன்ஸுக்கு மாயன் கோயிலில் ஒரு புராண விலங்கு என்று கதை சொல்கிறார்கள். அதில் விலங்கு முன்னால் வருமா, தொப்பி முன்னால் வருமா? டைனோசார் ரைடின் தடம் கலிஃபோர்னியாவில் 1995 முதல் ஓடும் இண்டியானா ஜோன்ஸ் ரைடின் தடமேதான், அதனால் மாற்றுவது அவர்களுக்கு எளிது. எளிதாக இருக்கிறது என்பதற்காக எடுத்த முடிவாக இது இருந்துவிடக் கூடாதே என்று கவலையாக இருக்கிறது. 2027-இல் திறக்கிறார்கள், பார்ப்போம்.


பட்டூ பயணி:

மாயவனம் அக்கா பாண்டோராவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கேலக்ஸிஸ் எட்ஜ் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அந்த லேண்ட் என்றால் எனக்கு உயிர்.

14 ஏக்கர். கலிஃபோர்னியாவில் 2019 மே 31, ஃப்ளோரிடாவில் ஆகஸ்ட் 29. எந்தப் படத்திலும் வராத பட்டூ என்ற கிரகத்தைப் புதிதாக உண்டாக்கினார்கள். தரையைப் பாருங்கள், காங்கிரீட்டில் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் போகும். படத்தில் வரும் ஆர்2-டி2 ரோபோவின் அசல் சக்கரங்களைப் பார்த்துச் செய்த தடம். பலகைகள் ஸ்டார் வார்ஸ் உலகின் ஆரபெஷ் எழுத்தில். கோக் பாட்டில்கூட உருண்டையாக வேற்றுக்கிரகப் பொருள் மாதிரி. மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் முழு அளவில் நிற்கிறது, பக்கத்தில் நின்றால் எஞ்சின் அவ்வப்போது உறுமும், எங்கிருந்தோ ஆவி கிளம்பும்.

இவ்வளவு செய்துவிட்டு உள்ளே ஒரு வேலியைப் போட்டுக்கொண்டார்கள். கதை புதிய முப்படங்களின் நடுவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் நடக்கும் என்று முடிவு செய்தார்கள். அதனால் டார்த் வேடர் வர முடியாது, லூக் வர முடியாது. படங்களின் அந்த இசை தெருவில் ஒலிக்காது, சூழல் சத்தம் மட்டும். நாற்பது வருடமாகக் காத்திருந்தவர் உள்ளே வந்து வேடரைத் தேடினால் "அவர் இறந்து பல வருடம் ஆயிற்று" என்று சொல்ல வேண்டிய நிலை. கதையின் தர்க்கம் சரி, ஆனால் வந்தவர் எதைக் காண வந்தார் என்பதை விட்டுவிட்டார்கள்.

திறந்தபோது பெரிய ரைடும் தயாராக இல்லை. ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ளோரிடாவுக்கு டிசம்பரில்தான் வந்தது, கலிஃபோர்னியாவுக்கு 2020 ஜனவரியில். 2019-இல் டிஸ்னிலாண்டின் வருகை மதிப்பீடு முந்தைய ஆண்டை விட ஏறவே இல்லை! வரலாற்றிலேயே பெரிய லேண்டைத் திறந்த வருடத்தில்.

கலிஃபோர்னியாவில் 2026 ஏப்ரல் முதல் அந்தக் காலக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி வேடர், லூக், லேயா, ஹான் எல்லாரையும் கொண்டுவருவதாக டிஸ்னி அறிவித்தது. அதைப் படித்த நாள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி மாளாது. ஃப்ளோரிடாவுக்கும் வர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.


கோஸ்டர் கண்ணன்:

காலக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் மாயவனம் பாராட்டும் அந்த இடத்தன்மை கெடாதா? பழைய படங்களின் வேடரும் புதிய படங்களின் ரேயும் ஒரே சந்தையில் நடந்தால் அது கிரகமா, படங்களின் கண்காட்சியா?


பட்டூ பயணி:

கெடாது அண்ணா. சந்தை அதே சந்தை, கல் அதே கல். ஆளை மட்டும்தான் மாற்றுகிறார்கள். கதைக் கட்டுப்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று ஸ்டார் வார்ஸ் ஹோட்டலான கேலக்டிக் ஸ்டார்குரூசர் காட்டிவிட்டதே. நடிகர்களும் கதையும் அவ்வளவு தரம். ஆனால் இரண்டு இரவுக்கு இரண்டு பேருக்கு ஏறக்குறைய 4,800 டாலரில் கட்டணம் தொடங்கியது. 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடினார்கள். அதில் வேலை செய்த கலைஞர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.


மாயவனம்:

கண்ணன் கேட்டதில் நியாயம் உண்டு. பாண்டோராவில் படத்தின் நாயகன் ஜேக்கைக் கொண்டுவந்து கையசைக்க வைத்தால் நான் எதிர்ப்பேன். ஆனால் ஸ்டார் வார்ஸை மக்கள் நேசிப்பது முகங்களுக்காக, அவதாரை நேசிப்பது நிலத்துக்காக. இரண்டுக்கும் ஒரே விதி போட முடியாது.


மீனா இருபிள்ளை:

எல்லாரும் கதை, வடிவமைப்புன்னு பேசுறீங்க, நல்லா இருக்கு படிக்க. ஆனா சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க முதல்ல பார்க்கிறது வாசல்ல இருக்கிற உயரக் கம்பத்தைத்தான்.

கேலக்ஸிஸ் எட்ஜ்ல இருக்கிறது ரெண்டே ரைடு. ஒண்ணு 97 செ.மீ., இன்னொண்ணு 102 செ.மீ. மூணு வயசுப் பிள்ளைக்கு ரெண்டுமே கிடையாது. பாண்டோராவுல பறக்கிற ரைடுக்கு 112 செ.மீ., படகு ரைடுக்கு வரம்பே இல்ல, அது புண்ணியம். எபிக் யுனிவர்ஸ்ல டார்க் யுனிவர்ஸ்ங்கிற லேண்டுக்குப் போனா பெரிய ரைடுக்கு 122 செ.மீ. பெரியவனை ஏத்திவிட்டுட்டு சின்னவளைக் கையில வெச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறது எப்படின்னு நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

இப்போ நதிக்கரை அண்ணன் சொன்ன ஆறு, படகு, தீவு மூணையும் பாருங்க. மூணுக்கும் உயர வரம்பு கிடையாது. கைக்குழந்தையிலிருந்து பாட்டி வரைக்கும் ஒண்ணாப் போகலாம். சக்கர நாற்காலியில வந்தவங்களும் படகுல ஏறலாம். அதை எடுத்துட்டு வர்ற லேண்ட்ல மலைப்பாதை ராலின்னா வரம்பு இல்லாம இருக்காது. அதனாலதான் அந்த ரெண்டாவது சின்ன ரைடு மேல எனக்கு இவ்வளவு அக்கறை.

டாய் ஸ்டோரி லேண்டையும் சொல்லணும். 2018 ஜூன் 30-ல திறந்தது. அங்க மானியாங்கிற ரைடுக்கு உயர வரம்பே இல்ல, மத்த ரெண்டு ரைடுல ஒண்ணுக்கு 82 செ.மீ. இருந்தாப் போதும். குடும்பத்துக்கு அந்த வகையில நல்ல லேண்ட். ஆனா நிழல்? ஃப்ளோரிடா ஜூலை வெயில்ல நிக்க ஒரு மரம் இல்ல. பொம்மை அளவுக்குச் சுருங்கின மாதிரி கதை, அதனால மரம் வைக்க முடியாதுன்னு சிலர் சமாதானம் சொல்றாங்க. மரம் வைக்கத் தோதில்லாத கதையை எதுக்குத் தேர்ந்தெடுக்கணும்?


ரேடியேட்டர் ராஜா:

மீனா அக்கா, நிழல் விஷயத்துல நூறு சதவீதம் உங்க பக்கம். எபிக் யுனிவர்ஸ்லயும் திறந்த நாள்ல இருந்து இதே புகார்தான். அங்க இருக்கிற டிராகன் லேண்ட் ஐல் ஆஃப் பெர்க் எவ்வளவு அழகு, டிராகன் பொம்மைங்க அவ்வளவு உயிரோட்டம், ஆனா மத்தியானம் அங்க நிக்க முடியல.


தோக்கியோ தாசன்:

அமெரிக்காவை விட்டு ஒரு நிமிடம் வெளியே வாருங்கள். தோக்கியோ டிஸ்னிசீயில் ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் 2024 ஜூன் 6-இல் திறந்தது. ஃப்ரோசன், டாங்கில்ட், பீட்டர் பான் மூன்றையும் ஒரு நீரூற்றைச் சுற்றி அமைத்தார்கள். செலவு 32,000 கோடி யென். பாறைகளைச் செதுக்கியே ராஜகுமாரிகளின் உருவம் கொண்டுவந்திருக்கிறார்கள், மேலே தண்ணீர் வழிகிறது. அந்தப் பூங்கா டிஸ்னிக்குச் சொந்தமில்லை, ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் உரிமம் வாங்கி நடத்துகிறது. பணம் போடுவதும் அவர்கள்தான்.

ஆனால் அதே பூங்காவில் 2001 முதல் நிற்கும் எரிமலைக்கு முன்னால் இந்தப் புது லேண்ட் எனக்கு ஒரு படி கீழேதான். துறைமுகத்தில் எங்கே நின்றாலும் அந்த மலை தெரியும், பூங்காவையே கட்டிப்பிடித்து வைத்திருப்பது அது. ஃபேண்டசி ஸ்பிரிங்ஸ் அழகு, ஆனால் ஓரமாகத் தனியே நிற்கிறது.


சந்துவாசி:

எபிக்கும் அப்படித்தானே? ஒவ்வொரு லேண்டுக்கும் ஒரு வாசல் வளைவு, அதைத் தாண்டினால் அடுத்த லேண்ட் கண்ணிலேயே படாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.


மாயவனம்:

எனக்குப் பிடிக்கவில்லை. ஹாலிவுட் ஸ்டூடியோஸின் டவர் ஆஃப் டெரர் கட்டும்போது, அதன் உச்சி எப்காட்டின் மொராக்கோ அரங்கத்துக்குப் பின்னால் தெரியும் என்று கணக்கிட்டு, கூரையையும் நிறத்தையும் மொராக்கோவோடு ஒத்துப்போகிற மாதிரி அமைத்தார்கள். பக்கத்துப் பூங்காவின் காட்சி கெடக் கூடாது என்று யோசித்தவர்கள் அவர்கள். சுவர் வைத்து மறைப்பதை விட அது கடினம், அதனால்தான் மதிப்பு.


நெறியாளர்:

மப்பெட்ஸ் பற்றிய சில பதிவுகளில் ஒருவரை ஒருவர் தனிப்பட்ட முறையில் பேசியிருந்ததால் நீக்கியிருக்கிறேன். படத்தையும் லேண்டையும் விமர்சியுங்கள், ரசிகரை வேண்டாம்.


பட்டூ பயணி:

மப்பெட்ஸ் பற்றி நிதானமாகவே ஒன்று சொல்கிறேன். மப்பெட்ஸை உருவாக்கிய ஜிம் ஹென்சன் இறந்தது 1990 மே 16. அவர் கடைசியாக வேலை செய்தவற்றில் ஒன்றான மப்பெட்விஷன் 3டி காட்சி திறந்தது சரியாக ஒரு வருடம் கழித்து, 1991 மே 16. 2025 ஜூன் 7-இல் கடைசிக் காட்சி. மான்ஸ்டர்ஸ் கதவுகள் மேலே தொங்கி ஓடும் கோஸ்டர் நிச்சயம் நன்றாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கலைஞன் தன் கையால் செய்து வைத்துவிட்டுப் போனதை, இடம் இல்லை என்ற காரணத்துக்காக எடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.


நதிக்கரை:

இதைத்தான் நான் தொடக்கத்தில் சொல்ல வந்தேன், பயணி என்னை விடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பிஸ்டன் பீக் வரட்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மரக்கட்டைக் கட்டடங்களைப் பார்த்து வடிவமைப்பதாகச் சொல்கிறார்கள், அது ஃபிரான்டியர்லேண்டுக்குப் பொருந்தக்கூடியதுதான். மரங்களும் பாறைகளும் வைத்து பக்கத்துப் பகுதியான லிபர்ட்டி ஸ்கொயரிலிருந்து மறைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். திறந்ததும் நான் பார்க்கப்போவது வேறு. ஹான்டட் மேன்ஷன் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் சத்தம் காதில் விழுகிறதா? ஒன்றும் வாங்காமல் உட்கார எத்தனை இடம் விட்டிருக்கிறார்கள்? தண்ணீர் உண்மையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? இவை மூன்றும் சரியாக இருந்தால் லேண்டைப் பாராட்டி முதல் பதிவு நான் போடுவேன். ஆனால் ஆற்றைச் சுருக்கியாவது வைத்திருக்கலாம் என்ற கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.


கோஸ்டர் கண்ணன்:

நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சார். தீவும் படகும் ஒரே நேரத்தில் தாங்கிய கூட்டத்தைப் புது லேண்டின் வரிசைகளும் நடைபாதைகளும் தாங்குமா? தாங்காவிட்டால் அந்தக் கூட்டம் பிக் தண்டர் வாசலில் வந்து நிற்கும்.


ரேடியேட்டர் ராஜா:

நதிக்கரை அண்ணே, உட்கார இடம் வேணும்ங்கிறதுல மட்டும் உங்களோட முழுசா ஒத்துப்போறேன். மத்ததுல நமக்குள்ள சண்டை தொடரட்டும். கார்ஸ் லேண்ட்ல அந்தச் சின்ன ரைடுகளுக்கு வரம்பு 82 செ.மீ.தான், இங்கயும் அதுக்கு மேல போகாதுன்னு நம்புறேன். ரெண்டாவது ரைடுக்கு உயரம் அறிவிச்ச அன்னிக்கே இந்த இழையில போடுறேன், மீனா அக்காவுக்கு அதுதான் முதல்ல தெரியணும்.